கழற்றிய சாமானைக் கையில் கொடுக்க வேண்டும்

மதிப்பிற்குரிய மோட்டார் சைக்கிள் பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

சென்ற இதழில் உங்கள் அட்டையில் ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு பெண் சிரிக்கிறாளே, அவளுடைய அப்பாவைப் பெற்றவள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரரும் மகனும் மருமகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். சரியில்லாதது ஒரே ஒரு கிளட்ச் பிளேட்தான், அதற்குப் பிறகு வருகிறேன். தாங்களும் தங்கள் வீட்டாரும், அச்சடிக்கிறவர்களும், பத்திரிகையைக் கசங்காமல் உறையில் போட்டு எங்களுக்கு ஒரு பிரதி அனுப்பிவைத்த புண்ணியவானும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நான் ஐந்தாவது வரை படித்தவள். ஆனால் அந்த ஐந்தையும் முழுசாகப் படித்தவள். ஆகையால் என் கடிதத்தை ஒரு கிழவி கிறுக்கியது என்று ஓரமாக வைத்துவிடாமல் கடைசி வரை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். படம் ரொம்ப லட்சணம். பதினாலு மாதமாக வெயிலிலும் பனியிலும் ஊர் ஊராகப் போய்க் கறுத்திருந்தாலும் மூக்கு என் மூக்கு. அட்டையைப் பார்த்ததும் தெருவில் இருக்கிற தையற்காரர், மருந்துக் கடைக்காரர், எதிர்வீட்டு வக்கீலம்மா எல்லோரிடமும் நானே கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தேன். திரும்பவும் போனபோது மருந்துக் கடைக்காரர் “பாட்டி, இப்பத்தானே காட்டிட்டுப் போனீங்க” என்றார். அப்போது காட்டியது அட்டை, இப்போது காட்டுவது அட்டையில் இருக்கிற மூக்கு என்றேன்.

இனி புகாருக்கு வருகிறேன். உங்கள் கட்டுரையில் “அதே பழைய மோட்டார் சைக்கிளில் உலகம் சுற்றுகிறார்” என்று எழுதியிருக்கிறீர்கள். அதே மோட்டார் சைக்கிளா? யார் சொன்னது உங்களுக்கு? ஐயா, எங்கள் வீட்டில் ஒரே மாதிரி இரண்டு வண்டி இருந்தது. என் வீட்டுக்காரர் முப்பத்தெட்டு வருஷம் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருந்தவர். அந்த வண்டி செய்கிற கம்பெனியை மூடப் போகிறார்கள் என்று காதில் விழுந்த அன்றைக்கே, இன்னொன்றையும் எங்கிருந்தோ தள்ளிக்கொண்டுவந்து, மழையில் நனையக் கூடாது என்று எங்கள் ஹாலில், டீவிக்கும் என் கட்டிலுக்கும் நடுவில் நிறுத்திவிட்டார். வெளியே ஓடுகிறதற்குப் பெயர் அக்கா, ஹாலில் நிற்கிறதற்குப் பெயர் தங்கை. வீட்டுக்கு வருகிறவர்கள் “இது யாருது?” என்று கேட்டால் “என் சக்களத்தி” என்பேன். முப்பது வருஷம் நான் பெருக்கும்போது அவளைச் சுற்றித்தான் பெருக்கினேன். அவளுடைய ஹாண்டில்பாரில்தான் துண்டு காயப்போட்டேன். பேத்தி நடை பழகியதும் அவளுடைய சக்கரத்தைப் பிடித்துக்கொண்டுதான்.

போன வருஷம் பேத்தி “தாத்தா, அக்காவைக் குடு, உலகத்தைச் சுத்திட்டு வர்றேன்” என்றாள். என் மகன் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவன். ஊருக்கெல்லாம் பார்வை சரி பண்ணுவான், என் கண்ணாடியை மட்டும் மூன்று வருஷமாக “நாளைக்கு மாத்தறேம்மா” என்கிறான். அவன் குதித்தான், மருமகள் அழுதாள், நான் இரண்டையும் செய்தேன். என் வீட்டுக்காரர் மட்டும் ஒரு துணியைக் கேட்டு வாங்கினார். அக்காவின் சாவியை எடுத்துத் துடைத்துக் கொடுத்து, “வண்டி என்னுது. உனக்குக் கடனாத்தான் தர்றேன். எந்தச் சாமான் போனாலும் தங்கச்சிகிட்ட இருந்து கழட்டி அனுப்பறேன். ஆனா நீ கழட்டினத எனக்குத் திருப்பி அனுப்பணும். கழட்டினதக் காட்டாதவன் மெக்கானிக்கே இல்ல” என்றார்.

இதை உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் ஆட்களுக்கு இது தெரிந்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது. இவர் பட்டறையில் ஒரு வழக்கம். கழற்றிய பழைய சாமானைத் துணியால் துடைத்து, வண்டிக்காரர் கையிலேயே கொடுத்துவிடுவார். “பாருங்க, இது தேஞ்சிருக்கு, இதைத்தான் மாத்தினேன்” என்பார். “எனக்கு எதுக்குய்யா இது?” என்று அவர் சொன்னாலும் விடமாட்டார், பையில் போட்டு அனுப்பிவிடுவார். பல் டாக்டர் பிடுங்கிய பல்லைக் கையில் கொடுக்கிற மாதிரி. எங்கள் கல்யாணமான புதிதில் என் தையல் மிஷின் பெல்டை மாற்றிவிட்டு, அறுந்த பெல்டை என் கையில் கொடுத்துக் கையெழுத்துக்கு நிற்கிறவர் போல நின்றார். அப்படிப்பட்ட மனுஷர்.

அவள் போன இரண்டாவது மாதமே ஆரம்பித்தது. செயின் அறுந்தது. இங்கே தங்கையிடமிருந்து செயினைக் கழற்றிப் பெட்டியில் போட்டு அனுப்பினோம். அவள் அறுந்த செயினைத் திருப்பி அனுப்பினாள். இவர் அதைத் துடைத்துத் தட்டிச் சரிபண்ணித் தங்கைக்கு மாட்டிவிட்டார். பிறகு பிளக், பிறகு பிரேக், பிறகு முன் சக்கரம். எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு உலகப் படம் இருக்கிறது. அதில் நாடுகளுக்கு அந்தந்த நாட்டுக்காரர்கள் வைத்த பெயர் எங்களுக்கு ஞாபகம் இருப்பதில்லை. செயின் நாடு, பிளக் நாடு, கார்பரேட்டர் நாடு என்றுதான் பேசுகிறோம். மருமகள் ஆபீசில் யாரோ விடுமுறைக்குப் போய்விட்டு வந்து ஒரு ஊரின் அழகைச் சொல்ல, இவள் “ஓ, எங்க சைலன்சர் கழண்டு விழுந்த ஊர்” என்றாளாம்.

அதனால், ஐயா, உங்கள் படத்தில் இருக்கிற முன் சக்கரம் எங்கள் ஹாலில் முப்பது வருஷம் நின்ற சக்கரம். அந்த ஹெட்லைட் நாங்கள் கரண்ட் போனால் ஏற்றுகிற ஹெட்லைட். மட்கார்டில் ஒரு கீறல் தெரிகிறதே, கரடு முரடான பாதையில் பட்ட வீரத் தழும்பு என்று உங்கள் ஆள் எழுதியிருக்கிறார், அது என் துடைப்பக்கட்டை பட்ட கீறல். நீங்கள் அட்டையில் போட்டிருப்பது தங்கையை. உலகத்தைச் சுற்றிய அக்கா முக்கால்வாசி திரும்பி வந்து, இந்தக் கடிதம் எழுதும்போது என் முதுகுக்குப் பின்னால்தான் துண்டைச் சுமந்துகொண்டு நிற்கிறாள்.

சாமான் அனுப்புவது லேசான காரியம் என்று நினைக்காதீர்கள். பேத்தி போனைப் போட்டு இன்ஜினுக்குப் பக்கத்தில் வைப்பாள். இவர் கண்ணை மூடிக்கொண்டு இங்கே கேட்பார். அந்த நேரம் வீட்டில் ஃபேன் ஓடக்கூடாது, குழாய் சொட்டக்கூடாது, மகன் செருமக்கூடாது. ஒருநாள் அப்படிக் கேட்டுவிட்டு, “உள்ளே ஏதோ லூசா ஆடுது, டக்கு டக்குனு கேக்குது, வண்டிய இனி ஓட்டாதே” என்று சொல்லிவிட்டார். அவள் அங்கே ஒரு மேட்டில் நாலு மணி நேரம் இன்ஜினைப் பிரித்துப்போட்டு ஒன்றும் காணாமல் திரும்பப் பேசினாள். பார்த்தால் டக்கு டக்கு என்றது நான். பயத்தில் வளையல் போட்ட கையால் நாற்காலியைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். கூரியர் ஆபீசில் இருக்கிற அம்மாவோ ஒவ்வொரு தடவையும் “இது என்ன பொருள், எதுக்காக அனுப்புறீங்க?” என்று கேட்டு எழுதச் சொல்வாள். முதல் தடவை “பேத்தி வீடு திரும்புவதற்காக” என்று எழுதினேன். அந்த அம்மா படித்துவிட்டு அடிக்காமல் அப்படியே சீல் குத்தினாள். இப்போதெல்லாம் நான் போனாலே அவளே எழுதிவிடுகிறாள்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் உங்கள் பத்திரிகை வந்து சேர்ந்தது. அன்றைக்குக் காலையில் பேத்தி திருப்பி அனுப்பிய பல்சக்கரமும் அதே தபாலில் வந்தது. அது தரையெல்லாம் கிரீஸ் ஆக்குகிறது என்று இவர் கத்தினார். கைக்கு எட்டிய காகிதத்தில் அதைச் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு, கை கழுவி, எல்லோரையும் ஹாலில் உட்காரவைத்து, நானே உரக்க வாசித்தேன். இவர் முதல் வரிசையில். முதல் வரிசை மட்டும்தான் இருந்தது. நாற்பத்திநாலாம் பக்கம், நாற்பத்தைந்தாம் பக்கம், எல்லாம் அவள் புகழ்தான். இவர் மீசையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். நாற்பத்தாறாம் பக்கத்தின் கடைசி வரி, எனக்கு மனப்பாடம்: “யாருடைய உதவியும் இல்லாமல், தன்னந்தனியாக இந்தப் பெண் உலகத்தைச் சுற்றி வருகிறாள்.” அத்தோடு கட்டுரை நின்றுவிட்டது. முற்றுப்புள்ளிகூட வைக்கவில்லை, நானாகத்தான் வைத்துப் படித்தேன். கீழே எறும்பு ஊர்கிற மாதிரி ஏதோ பொடி எழுத்து இருந்தது, அச்சடித்தவர் பேராக இருக்கும்.

“திரும்பப் படி” என்றார் இவர். படித்தேன். எழுந்தார். சோப்புப் போட்டுக் கை கழுவினார். பகலில் சோப்புப் போட்டுக் கை கழுவி நான் அவரைப் பார்த்ததே இல்லை. என் கையிலிருந்த பத்திரிகையை வாங்கி, டூல்ஸ் பெட்டிக்குள் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு ஈஸி சேரில் போய் உட்கார்ந்தவர்தான். மூன்றாம் நாள் பேத்தி போன் பண்ணினாள். ஒரு மலையடிவாரத்தில் டயர் கடையிலிருந்து. கிளட்ச் பிளேட் தேய்ந்துபோய் வண்டி மேடு ஏற மாட்டேன் என்கிறதாம். இன்னும் இருபத்தைந்து நாளில் பனி விழுந்து அந்த மலைப்பாதையை மூடிவிடுவார்களாம், அப்புறம் ஆறு மாதத்துக்குத் திறக்க மாட்டார்களாம். அவளுடைய விசாவோ ஆறு வாரம்கூட இல்லை. அதற்குள் பிளேட் வரவில்லையென்றால் வண்டியை அங்கேயே போட்டுவிட்டு விமானம் ஏற வேண்டியதுதான். “தாத்தா கிட்ட குடு பாட்டி” என்றாள். இவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. “யாரோட உதவியும் வேண்டாதவங்களுக்கு கிளட்ச் பிளேட் எதுக்காம்?” என்று சுவரிடம் சொன்னார். நான் போனில் “தாத்தா குளிக்கிறார், பிளேட் கிளம்பிடுச்சு” என்று பொய் சொன்னேன். அதைச் சொல்லி இன்றோடு நாலு நாள்.

நாலு நாளும் நான் சும்மா இருக்கவில்லை. கிளட்ச் பிளேட் இன்ஜினுக்குள் வலது பக்கம் மூடிக்குள் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும், முப்பது வருஷமாக அவளோடுதானே குடித்தனம். டூல்ஸ் பூட்டிக் கிடக்கிறதால் அடுப்பங்கரை இடுக்கியை எடுத்துக்கொண்டு தங்கை முன்னால் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் திருகினேன். ஈஸி சேரிலிருந்து சுவருக்கு ஒரு சேதி போனது: “இறுக்கறாங்க. கழட்டலை.” இந்தப் பக்கம் திருப்பினேன். ஒரு திருகாணி வந்தது, கூடவே ஆயில் மொத்தமும் வந்தது. அந்த நேரம் பார்த்து மகன் குளித்துவிட்டு ஈரக் காலோடு வெளியே வந்தான். ஹாலின் இந்தக் கோடியில் கால் வைத்தவன் அந்தக் கோடியில் உலகப் படத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான். செயின் நாட்டிலிருந்து பிளக் நாடு வரை கிழிந்துவிட்டது. “அம்மா, அந்த ஓட்டை வண்டிய அங்கேயே விட்டுட்டு ஃப்ளைட்ல வரச் சொல்லும்மா, எனக்குப் பொண்ணு வந்தாப் போதும்” என்று தரையில் உட்கார்ந்தபடியே கத்தினான். அப்போது இவர் முகத்தை நான் பார்த்தேன், ஐயா. கோபம் இல்லை. பட்டறையை மூடிய அன்றைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்த முகம். அந்த முகத்தோடு இரண்டு வருஷம் அதே நாற்காலியில் இருந்தவர், செயின் அறுந்த அன்றைக்குத்தான் எழுந்தார். இப்போது அவள் வண்டியை விட்டுவிட்டு வந்தால், அவள் வந்துவிடுவாள், இவர் வர மாட்டார்.

இதில் உங்கள் மேல் எனக்கு வருத்தம் என்னவென்றால், எங்கள் வீட்டில் ஒருவரிடமாவது கேட்டிருக்கக் கூடாதா? ஒரு போன் போட்டால் நான் சொல்லியிருப்பேனே. முன்பின் தெரியாதவர்கள்கூட எங்களிடம் பேசுகிறார்கள். போன மாதம்கூட நல்ல குடும்பத்துப் பெண் ஒருத்தி, தேன் மாதிரிக் குரல், பேத்தியைப் பற்றி அரைமணி நேரம் விசாரித்தாள். என்ன படித்திருக்கிறாள், எப்படிப்பட்ட குணம், தைரியம் உண்டா என்றெல்லாம் கேட்டாள். பிள்ளை வீட்டார்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நானும் நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவைத்தேன். அதற்கப்புறம் சத்தத்தைக் காணோம். போகட்டும், அது வேறு விஷயம்.

ஆகையால் நான் கேட்பது இதுதான். அடுத்த வெள்ளிக்கிழமை வருகிற இதழில், அட்டையில் இல்லாவிட்டாலும் கண்ணில் படுகிற இடத்தில், கொட்டை எழுத்தில் ஒரு திருத்தம் போட வேண்டும். “இந்தப் பெண் உதவி இல்லாமல் சுற்றவில்லை. சாமான் கழற்றி அனுப்புகிறவர் இவளுடைய தாத்தா” என்று இருந்தால் போதும், என் பேர் வேண்டாம். வெள்ளிக்கிழமை இவர் படித்தால் சனிக்கிழமை பெட்டி கிளம்பும். பன்னிரண்டு நாளில் போய்ச் சேரும். பாதை மூட இரண்டு மூன்று நாள்தான் மிச்சம் இருக்கும், அவள் வேகத்துக்கு அது தாராளம். நான் சொல்வதை நம்பாவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தேன். இவருடைய வழக்கமே சரியென்று பட்டது. கழற்றிய சாமானைக் காட்டிவிட வேண்டும். ஆகவே சாட்சியாக அந்தப் பழைய பல்சக்கரத்தை இத்துடன் பொட்டலமாக வைத்து அனுப்புகிறேன். பல் தேய்ந்திருப்பதை விரலால் தடவிப் பாருங்கள். பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பவும், அது அக்காவுடையது.

தங்கள் பத்திரிகை மேலும் மேலும் விற்க வேண்டும், தங்களுக்கு வண்டி ஓட்டும் இடமெல்லாம் நல்ல ரோடாக அமைய வேண்டும் என்று மனதார வாழ்த்தி,

இப்படிக்கு,
அட்டைப்படத்தின் பாட்டி

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் அச்சில் போட வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பல்சக்கரத்தை நல்ல துணியில் கட்டி அனுப்பலாம் என்று அலமாரியிலிருந்து எடுத்துக் காகிதத்தைப் பிரித்தேன். ஒரு பக்கம் டயர் விளம்பரம். அந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் அன்றைக்கு அவசரத்தில் உங்கள் பத்திரிகையிலிருந்து அந்தத் தாளைக் கிழித்திருக்கிறேன். பின்பக்கம் நாற்பத்தெட்டாம் பக்கம். மருமகளைக் கூப்பிட்டுக் கிரீஸைத் துடைத்துவிட்டுப் படிக்கச் சொன்னேன். அது இப்படி ஆரம்பிக்கிறது: “என்று அவருடைய பாட்டி தொலைபேசியில் நம்மிடம் பெருமை பொங்கச் சொன்னார்.”

ஐயா, அந்தத் தேன் குரல் உங்கள் நிருபர். நான்தான் சொன்னேன். பிள்ளை வீட்டார் என்று நினைத்து, நம் பெண்ணைக் குறைத்துப் பேசிவிடக் கூடாதே என்று, ‘யாரு உதவியும் வேண்டாம்மா அவளுக்கு, தன்னந்தனியா உலகத்தையே சுத்தி வர்றா’ என்று நானேதான் சொன்னேன். மருமகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஈஸி சேரும் சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது.

நல்லவேளை, மருமகள் நிறுத்தாமல் மேலே படித்தாள். “இதைப் பேத்தியிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரிக்கிறார். ‘உதவி இல்லாமலா? இந்த வண்டியில் பாதி எங்கள் வீட்டு ஹாலிலிருந்து வந்தது. அதைக் கழற்றி அனுப்புகிற மெக்கானிக் அங்கே இருக்கிறார். நான் வெறும் டிரைவர். சாமான் வரும்போதெல்லாம் எங்காவது ஒரு ஓரத்தில் அவர் விரல் ரேகை கிரீஸில் பதிந்திருக்கும். அதை மட்டும் நான் துடைப்பதில்லை’ என்கிறார்.”

இவர் எழுந்து வந்து தாளை வாங்கி, மூக்குக்கு நேரே வைத்து, தானே ஒரு தடவை படித்தார். “துடைக்காம மாட்டினா மண்ணு ஒட்டாதா? கழுதைக்கு எத்தனை தடவை சொல்றது!” என்றார். சாவி இடுப்பிலிருந்து வந்தது. பெட்டி திறந்தது. உள்ளே இருந்த பத்திரிகையில் அந்தப் பொடி எழுத்தை மகன் படித்துச் சொன்னான்: “48ஆம் பக்கம் பார்க்க.” சொல்லிவிட்டு, “வாம்மா, உன் கண்ணாடிய இன்னைக்கே மாத்திடறேன்” என்றான்.

கிளட்ச் பிளேட்டை இவர் அரைமணி நேரத்தில் கழற்றிவிட்டார். திருகாணியில் இடுக்கி பட்ட வடுவை மட்டும் என்னிடம் காட்டி, “இது எந்த மெக்கானிக் வேலை?” என்று கேட்டார். ஒரு வாரத்தில் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான், எனக்கு அது போதும். பெட்டி இன்று மதியமே கிளம்பிவிட்டது. ஆகையால் திருத்தம் வேண்டாம், வெள்ளிக்கிழமை வேண்டாம். பல்சக்கரத்தையும் அனுப்பவில்லை, இவர் தரமாட்டேன் என்கிறார். உறையில் ஸ்டாம்பு ஒட்டிவிட்டதால் கடிதத்தை மட்டும் போடுகிறேன். கிழித்துவிட்டதால் அந்த இதழ் இன்னொரு பிரதி அனுப்பினால் உபகாரம். அந்தத் தேன் குரல் பெண்ணுக்கு வண்டி ஓட்டத் தெரிந்த அண்ணன் யாராவது இருக்கிறானா என்றும் விசாரித்து எழுதவும்.

ஒன்று மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன், போட வேண்டாம். பிளேட்டில் கிரீஸ் படவே கூடாதாம். மூன்று தடவை துடைத்தார். அப்புறம் பெட்டியை ஒட்டுவதற்கு முன்னால், நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, கட்டைவிரலைக் கிரீஸ் டப்பாவில் தொட்டு மூடியின் உள்பக்கத்தில் ஒரு அழுத்து அழுத்தினார். டேப் எடுக்க அவர் உள்ளே போன நேரத்தில், அதற்குப் பக்கத்தில் என் விரலையும் ஒரு அழுத்து அழுத்திவிட்டேன். அடுத்த தடவை அவளைப் பற்றி எழுதினால், உங்கள் நிருபரை அதைப் பற்றி அவளிடமே கேட்கச் சொல்லுங்கள். என்னைக் கேட்க வேண்டாம்.